டோமி ப்யூட்டா (1982): மென்பொருள் பட்டியலில் ‘வெளியீட்டு ஆண்டு’ என்ற பத்தியை யார் நிரப்பினார்கள்?

நாடாச்சுருள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் டோமி என்னும் பொம்மை நிறுவனம் 1982இல் 59,800 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ப்யூட்டா வீட்டுக் கணினிக்காக வெளியான மென்பொருள்களின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையில் இரண்டு ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளேன். இந்தக் கணினியைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். ஜப்பானியர் கம்ப்யூட்டரைக் ‘கொம்ப்யூட்டா’ என்பார்கள். அந்தச் சொல்லின் தலையைக் கிள்ளிவிட்டு, ஆண்பிள்ளைகளின் பெயர் ஈற்றில் வரும் ‘தா’ என்ற சீனவழி எழுத்தை வாலில் ஒட்டி, ஏதோ பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைப்பது போல இந்தக் கணினிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்எஸ் 9995 என்ற 16 பிட் செயலி. பெரும்பாலான வீட்டுக் கணினிகள் 8 பிட் செயலிகளோடு இருந்த காலத்தில் ‘16 பிட்’ என்பதே இதன் விளம்பர முழக்கமாக இருந்தது. 1983இல் அமெரிக்காவில் டோமி டியூட்டர் என்ற பெயரிலும், பிரிட்டனில் கிராண்ட்ஸ்டாண்ட் என்ற முத்திரையுடனும் இது விற்கப்பட்டது. ஜப்பானில் 1983இல் ப்யூட்டா ஜூனியரும், 1984இல் ப்யூட்டா மார்க் 2வும் வந்தன. அத்துடன் கதை முடிந்தது.

என் சிக்கல் இதுதான். இணையத்தில் கிடைக்கும் நான்கைந்து பட்டியல்களை ஒன்று சேர்த்து ஓர் அட்டவணை தயாரித்தேன். விளையாட்டின் பெயர், உருவாக்கிய நிறுவனம், வெளியீட்டு ஆண்டு என்று மூன்று பத்திகள். முதலிரண்டு பத்திகளில் பெரிய குழப்பம் இல்லை. மூன்றாவது பத்தியில் பட்டியலுக்குப் பட்டியல் ஆண்டு வேறுபடுகிறது. ஒத்துப்போகும் இடங்களிலும், ஒரு பட்டியலில் உள்ள எழுத்துப்பிழை மற்றொன்றில் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது, நான்கு சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சி நான்கு முறை பேசியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பத்தியை நம்பத்தகுந்த முறையில் நிரப்ப வழி உண்டா?

பழைய_பக்கம் எழுதியது:

வழி உண்டு, ஆனால் முதலில் அந்தப் பத்தியை மூன்றாக உடைக்க வேண்டும். ‘வெளியீட்டு ஆண்டு’ என்று நீங்கள் குறிப்பிடுவது, நிறுவனம் அறிவித்த நாளா, கடைக்கு வந்த நாளா, அல்லது திரையில் பதிப்புரிமைக் குறியோடு தெரியும் ஆண்டா? இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பெரிய பொறி. ப்யூட்டாவின் விளையாட்டுகளில் கணிசமானவை கொனாமி நிறுவனத்தின் ஆர்கேட் விளையாட்டுகளின், அதாவது கூடங்களில் காசு போட்டு ஆடும் விளையாட்டுகளின், வீட்டு வடிவங்கள். ஸ்க்ராம்பிள், ஃபிராகர், டர்பின் ஆகிய மூன்றுமே 1981இல் ஆர்கேட் கூடங்களுக்கு வந்தவை. அந்த ஆண்டை எடுத்து வீட்டு வடிவத்தின் எதிரே எழுதினால், கணினி பிறப்பதற்கு முன்பே அதற்கான விளையாட்டு பிறந்துவிட்டது என்று ஆகிவிடும். சில பட்டியல்களில் 1981 என்று வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

அடுத்தது இதழ்களின் தேதி. ஜப்பானிய மாத இதழ்கள் அட்டையில் உள்ள மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். 1983 ஜனவரி இதழ் என்று அட்டை சொன்னால், வாசகர் அதை 1982 டிசம்பரிலேயே வாங்கியிருப்பார். அதில் உள்ள விளம்பரத்தை விளம்பரதாரர் அதற்கும் சில வாரங்கள் முன்பாகவே அச்சுக்குக் கொடுத்திருப்பார். ‘1983 ஜனவரி இதழில் விளம்பரம் உள்ளது, ஆகவே 1983’ என்று எழுதுபவர் ஓர் ஆண்டையே தவறவிடுகிறார். இதனோடு ஷோவா என்னும் ஜப்பானியப் பேரரசர் கால ஆண்டுக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஷோவா 57 என்பது 1982. ஷோவா எண்ணுடன் 1925ஐக் கூட்டினால் போதும். ஆனால் ஆவணத்தில் ‘57 நென்’ என்று இல்லாமல் ‘57 நென்தோ’ என்று இருந்தால் அது நிதியாண்டு. வழக்கமான ஏப்ரல்–மார்ச் கணக்கில் அது 1983 மார்ச் வரை நீளும். ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டதால் ஆண்டு மாறிப்போன குறிப்புகளை நான் என் கையாலேயே எழுதி, பிறகு என் கையாலேயே அடித்திருக்கிறேன்.

இன்னொன்று. விளம்பரத்தில் விளையாட்டின் பெயருக்கு அருகே உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ‘கின்ஜிட்சு ஹட்சுபாய்’ என்றால் விரைவில் விற்பனை; ‘ஹட்சுபாய் சூ’ என்றால் விற்பனையில் உள்ளது. விலைக்கு முன்னால் ‘யோக்கா’ என்று இருந்தால் அது உத்தேச விலை, அதாவது பொருள் இன்னும் தயாராகவில்லை. ஒரே விளையாட்டுக்கு இந்த மாத விளம்பரத்தில் முதற்சொல்லும் அடுத்த மாத விளம்பரத்தில் இரண்டாம் சொல்லும் இருந்தால், அது கடைக்கு வந்த காலத்தை ஒரு மாத இடைவெளிக்குள் அடைத்துவிடலாம். பட்டியல் தளங்கள் தரும் எந்த ஆண்டையும் விட இந்த இரண்டு சொற்களை நான் அதிகம் நம்புவேன்.

சில்லுப்பித்தன் எழுதியது:

காகிதத்தைப் பற்றி அவர் எழுதிவிட்டார்; நான் பொருளைப் பற்றி எழுதுகிறேன். கணினியில் செருகும் விளையாட்டுப் பேழையான கார்ட்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருக்கும் சில்லுகளின் முதுகில் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8312 என்று இருந்தால் 1983ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் அந்தச் சில்லு தயாரானது என்று பொருள். அந்தக் கார்ட்ரிட்ஜ் அந்த வாரத்துக்கு முன்பு கடையில் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த எண், பொருள் எப்போதிலிருந்து இருந்திருக்கலாம் என்ற கீழ் எல்லையை மட்டுமே தரும். அதே விளையாட்டின் முந்தைய தயாரிப்புத் தொகுதி வேறொருவர் வீட்டுப் பரணில் கிடக்கலாம். ஒரு பிரதியை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது.

சென்ற மாதம் பெட்டியும் கையேடும் இல்லாத ஒரு ஸ்க்ராம்பிள் கார்ட்ரிட்ஜை வாங்கினேன். ‘பழுதானது’ என்ற தலைப்பில் விற்கப்பட்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் விளிம்பு முனைகளைத் துடைத்தபோது, மூன்று குச்சிகள் கறுத்தன. நான்காவது வெள்ளையாகவே வந்தது. அதற்குப் பிறகு எந்தக் குறையும் இல்லாமல் படிக்க முடிந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, துடைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சில்லின் மேல் இருந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியவில்லை. கைவிளக்கை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்தபோது இலக்கங்கள் நிழலாக எழுந்தன. படங்களைத் தனி இழையில் இடுகிறேன்.

படியெடுத்த ரோமிலிருந்து, அதாவது கார்ட்ரிட்ஜின் நிரந்தர நினைவகத்தில் இருக்கும் நிரலிலிருந்து, வரலாற்றைப் படிக்கவும் ஒரு வழி இருக்கிறது. ப்யூட்டாவின் படச்சில்லு டிஎம்எஸ் 9918 குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பம்தான் அக்காலத்து மற்ற விளையாட்டுக் கருவிகளிலும் கணினிகளிலும் இருந்தது: கோலிகோவிஷனிலும், சோர்ட் எம்5இலும், சேகா எஸ்ஜி-1000இலும், முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் கணினிகளிலும் உள்ளது. இந்தச் சில்லில் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தின் வடிவம் 8 பைட்டுகளில் அடங்கும். ஒரு விண்கலத்தின் வடிவத்தை வரைந்தவர் அதை வேறொரு கணினிக்குக் கொண்டு போகும்போது, செயலி மாறுவதால் நிரலைப் புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும். படத்தின் 8 பைட்டுகளை மாற்ற வேண்டிய தேவை இல்லை. எனவே இரண்டு கணினிகளின் ரோம்களில் ஒரே வரிசையில் ஒரே பைட்டுகள் நீளமாகத் தொடர்ந்து வந்தால், இரண்டு குழுக்களுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்தது என்று நம்ப இடமுண்டு. எந்தக் குழு முந்தியது என்பதை மட்டும் பைட்டுகள் சொல்லாது; அதற்கு மீண்டும் காகிதத்திடம்தான் போக வேண்டும்.

தெருக்கோடி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய கருவிகளை இன்றைய கணினியில் இயக்கிக் காட்டும் மேம் எமுலேட்டரின் மென்பொருள் பட்டியலில் ப்யூட்டாவுக்கான விளையாட்டுகள் உள்ளன. ஆண்டும் நிறுவனமும் அதிலேயே தரப்பட்டிருக்கின்றன. அதை எடுத்துப் பயன்படுத்தினால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடுமே!

நாடாச்சுருள் எழுதியது:

தெருக்கோடி, நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். மேம் பட்டியல் ஒரு கேள்விக்கு மிகச் சிறந்த விடை தருகிறது: படியெடுக்கப்பட்ட இந்த ரோம், ஏற்கெனவே அறியப்பட்ட ரோமேதானா, இல்லையா? கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும் சிஆர்சி-32, ஷா-1 ஆகிய சரிபார்ப்பு எண்கள் அதற்காகவே உள்ளன. அவற்றில் தவறு நேர வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டு என்ற புலமோ, தொகுத்தவருக்கு அப்போது கிடைத்த தகவல். ஒரே பட்டியலில் இருப்பதாலேயே இரண்டுக்கும் ஒரே எடை கொடுத்துவிட முடியாது. இன்னொரு குறையும் இருக்கிறது. அது ‘படியெடுக்கப்பட்டவை’ பட்டியல். விளம்பரத்தில் மட்டும் வாழ்ந்து கடைக்கு வராமலே போனவையும், கடைக்கு வந்து இன்னும் எவர் கைக்கும் சிக்காதவையும் அதில் இருக்காது. வரலாறு எழுதுபவருக்கு அந்த இரண்டு வகைகளும் முக்கியம்.

பழைய_பக்கம் ஐயா சொன்னபடி பத்தியை உடைத்துவிடுகிறேன். எனக்கு இன்னொரு ஐயம். கணினி இதழ்களில் ப்யூட்டாவைப் பற்றி நான் எதிர்பார்த்த அளவுக்குச் செய்திகள் கிடைக்கவில்லை. என்ஈசி, ஷார்ப், ஃபுஜிட்சு ஆகியவற்றின் கணினிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தவர்கள் இதை ஓரமாக ஒதுக்கியிருக்கிறார்கள். தேடும் முறையில் தவறு செய்கிறேனா?

ஒசாகா_வாசி எழுதியது:

தேடும் அலமாரிதான் தவறு. டோமி ஒரு பொம்மை நிறுவனம். ப்யூட்டாவைப் பெரும்பாலும் பொம்மைக் கடை வழியாகவே விற்றார்கள். ஆகவே அதன் தடயங்கள் கணினி இதழ்களை விடப் பொம்மை வணிகர்களுக்கான இதழ்களில்தான் அடர்த்தியாக இருக்கும். ‘டாய் ஜர்னல்’ என்ற வணிக இதழ் இன்றும் வருகிறது. அத்தகைய இதழ்கள் கடைக்காரருக்காக எழுதப்படுபவை. எந்தப் பொருள் எந்த மாதம் எந்த விலையில் கிடைக்கும் என்பதுதான் அவற்றின் உயிர். பிள்ளைகளை மயக்கும் வண்ணப்படங்கள் குறைவாகவும், நமக்கு வேண்டிய வறண்ட தகவல்கள் மிகுதியாகவும் இருக்கும்.

நூலக வேலை பற்றி அனுபவத்தில் சில சொல்கிறேன். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்துக்கு டோக்கியோவிலும் கன்சாய் வட்டாரத்திலும் கட்டடங்கள் உள்ளன. 2022 மே மாதத்திலிருந்து, கடையில் கிடைக்காத எண்மமாக்கப்பட்ட நூல்களையும் இதழ்களையும் ஜப்பானில் வசிக்கும் பதிவுபெற்ற பயனாளர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். அதில் சேராதவற்றுக்கு நேரில் போக வேண்டும், அல்லது பக்கத்தைக் குறிப்பிட்டு நகல் கேட்க வேண்டும். இங்குதான் சங்கடம். நகல் கேட்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கட்டுரைகளுக்குப் பொருளடக்கம் உண்டு, விளம்பரங்களுக்குக் கிடையாது. நமக்கு வேண்டியதோ விளம்பரம்! ஆகவே யாராவது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு இதழையும் முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை புரட்டியே ஆக வேண்டும்.

வேறொரு நூலகத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டின் 12 இதழ்களையும் ஒன்றாகக் கட்டுமானம் செய்து வைத்திருந்தார்கள். ஆவலோடு திறந்தால், கட்டுமானத்தின்போது அட்டைகளையும் முன்பின் விளம்பரப் பக்கங்களையும் கழற்றியிருந்தார்கள். கட்டுரைகள் மட்டும் சுத்தமாக, ஒழுங்காக எஞ்சியிருந்தன. நெல்லை எறிந்துவிட்டு உமியைப் பாதுகாத்தது போல எனக்குத் தோன்றியது. அவர்கள் நோக்கில் நான் தேடியதுதான் உமி. அன்றிலிருந்து, கட்டுமானம் செய்த தொகுதி என்றால் பக்க எண்களின் தொடர்ச்சியை முதலில் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

தேடுசொல்லையும் கவனியுங்கள். ப்யூட்டா என்ற பெயரை அதிகாரபூர்வமாக ஹிராகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதி, கடைசி எழுத்தை மட்டும் சீனவழி எழுத்தில் இடுவார்கள். ஏலத்தில் விற்பவர்கள் கடகானா என்னும் இன்னொரு ஒலியெழுத்தில் எழுதுகிறார்கள். நெடிலுக்குக் கோடு போடுகிறார்கள். சிலர் முழுவதையும் உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். நான்கு விதமாகவும் தேடாவிட்டால் முக்கால்வாசி கண்ணில் படாது.

மொழிவிரும்பி எழுதியது:

எல்லோரும் கார்ட்ரிட்ஜைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கணினியின் மென்பொருள் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. ப்யூட்டாவில் இருந்த ஜி-பேசிக் என்னும் நிரல்மொழியின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இல்லை, ஜப்பானிய மொழியில் கடகானா எழுத்தில் இருந்தன. திரையில் எழுதச் சொல்லும் கட்டளை ‘கக்கே’, அதாவது ‘எழுது’ என்ற ஏவல். நிபந்தனைக்கு ‘மொஷி’ என்று தொடங்கி ‘நரபா’ என்று முடிப்பார்கள். நம் வாக்கியத்தில் ‘ஒருவேளை’ என்று தொடங்கி ‘என்றால்’ என்று முடிப்பதற்கு இது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நிபந்தனைச் சொல்லை வாக்கியத்தின் பின்னால் வைக்கும் மொழிகளைப் பேசுபவர்களுக்கு இது இயல்பாக வாயில் வரும். தமிழில் ‘எழில்’ நிரல்மொழியும் ‘பதிப்பி’, ‘ஆனால்’ என்று போனதை அறிந்தவர்கள் இந்த இழையிலும் இருப்பார்கள்.

கடை விற்பனைக்கு வந்த விளையாட்டுகளை யாராவது என்றாவது பட்டியலிட்டுவிடுவார்கள். ஜி-பேசிக்கில் பிள்ளைகள் எழுதிய நிரல்களைத் தேடுபவர் யார்? அவை வீட்டு டேப் ரெக்கார்டரில் சாதாரண காசெட்டில் பதிவானவை. அதே காசெட்டின் மேல் அடுத்த ஆண்டு பாட்டைப் பதிந்திருப்பார்கள். நாம் ‘மென்பொருள் வரலாறு’ என்று பெயர் வைத்துவிட்டு விற்பனைச் சரித்திரத்தை மட்டும் எழுதுகிறோம் என்பது என் குறை.

சில்லுப்பித்தன் எழுதியது:

குறையை ஏற்கிறேன், ஆனால் ஒரு தொழில்நுட்பக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். டிஎம்எஸ் 9995க்குள் 256 பைட் நினைவகம்தான் உண்டு. ப்யூட்டாவில் அதற்கு வெளியே இருந்த 16 கிலோபைட்டும் படச்சில்லுக்குச் சொந்தமானது. பயனர் எழுதிய நிரலும் அந்தப் படநினைவகத்திலேயே குடியிருக்க வேண்டும். செயலி அதை ஒவ்வொரு பைட்டாகப் படச்சில்லின் வழியே கேட்டு வாங்கியாக வேண்டும். ‘16 பிட்’ என்று விளம்பரம் செய்த கணினி ஏன் அவ்வளவு மெதுவாக நடந்தது என்பதற்கு இதுவே பெரும் காரணம். பிள்ளைகள் இதில் நீளமான நிரல்களை எழுதியிருக்க முடியாது. ஆகவே காசெட் கிடைத்தாலும் சில பத்து வரிகளையே எதிர்பாருங்கள்.

காசெட் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். நேராகக் கணினியில் ஏற்றிப் பார்க்க முனையாமல், முதலில் ஒலியாகவே முழுவதையும் இழப்பில்லாத வடிவத்தில் பதிவுசெய்து வையுங்கள். ஒலி கையில் இருந்தால், இன்று படிக்க முடியாததை அடுத்த ஆண்டு படிக்கலாம். நாடா ஓடும்போது அறுந்துவிட்டால் எதுவும் செய்ய இயலாது.

பழைய_பக்கம் எழுதியது:

மொழிவிரும்பியின் கேள்விக்கு ஓரளவு விடை அச்சிலும் கிடைக்கும். அந்தக் காலத்து வீட்டுக் கணினி இதழ்கள் வாசகர் அனுப்பிய நிரல்களை வரிவரியாக அச்சிட்டன. 1982இல் தனி மாத இதழாக மாறிய ‘மைகான் பேசிக் மேகசின்’ பல கணினிகளுக்கான வாசகர் நிரல்களுக்காகவே பேர்போனது. இது போன்ற இதழ்களைக் கணினியின் பெயரை வைத்துத் துழாவுவதை விட, நிரல் வரியில் கடகானாக் கட்டளைகள் தென்படுகின்றனவா என்று கண்ணால் மேய்வது விரைவானது. ஜி-பேசிக் நிரல் மற்ற நிரல்களுக்கு நடுவே தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும்.

இன்னொரு பக்கச் செய்தி. ப்யூட்டாவின் போட்டியாளர்களில் ஒன்றான சோர்ட் எம்5ஐ ஜப்பானில் தகாரா நிறுவனமும் விற்றது. அந்தத் தகாராவும் டோமியும் 2006இல் ஒன்றாக இணைந்துவிட்டன. அன்று ஒரே பொம்மைக் கடை அலமாரியில் முட்டிக்கொண்ட இரண்டு கணினிகளும் இன்று ஒரே நிறுவனத்தின் பழங்கதை.

ஒசாகா_வாசி எழுதியது:

அந்த அலமாரியில் இரண்டுமே தோற்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1983 ஜூலை 15 அன்று நின்டெண்டோவின் ஃபமிகாம் 14,800 யென்னுக்கு வந்தது. அதே நாளில் சேகாவின் எஸ்சி-3000 கணினி 29,800 யென்னுக்கு வந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் 59,800 யென் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு என்ன முடிவெடுத்திருப்பார்கள்? 1983இன் இரண்டாம் பாதி விளம்பரங்களைத் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள். விலைக்குறைப்பு, மார்க் 2 எல்லாம் இந்த நெருக்கடிக்குப் பின்னர் வேறு பொருள் தரும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ரோம் கோப்புகளையோ அவற்றுக்கான இணைப்புகளையோ இந்த இழையில் இட வேண்டாம். சரிபார்ப்பு எண்களையும், சில்லுகளின் படங்களையும், விளம்பரத்தில் இருந்து உங்கள் சொற்களில் எடுத்தெழுதிய குறிப்புகளையும் தாராளமாக இடலாம்.

நாடாச்சுருள் எழுதியது:

இந்த ஒரு வாரத்தில் அட்டவணையைக் கலைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன். ‘வெளியீட்டு ஆண்டு’ என்ற பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக ஐந்து பத்திகள்: மூல ஆர்கேட் விளையாட்டின் ஆண்டு, முதல் ‘விரைவில்’ விளம்பரம், முதல் ‘விற்பனையில்’ விளம்பரம், கையில் கிடைத்த பிரதிகளின் வாரக்குறி, ரோமின் சரிபார்ப்பு எண். இதழின் அட்டை மாதத்தை அப்படியே எழுதுகிறேன். அதிலிருந்து நானாக ஒரு மாதத்தைக் கழிப்பதில்லை. கழிக்க விரும்புபவர் கழித்துக்கொள்ளட்டும்.

பெயர்ப் பத்தியிலும் ஒரு மாற்றம். கொனாமியின் 1982ஆம் ஆண்டு ரயில் விளையாட்டு ஜப்பானிய ஆர்கேடில் ‘கட்டான் கொட்டோன்’; அமெரிக்காவில் ‘லோகோ-மோஷன்’. டர்பினும் அமெரிக்க ஆர்கேடில் ‘டர்டில்ஸ்’ ஆகிவிட்டது. என் பழைய அட்டவணையில் இப்படிப்பட்டவை தனித்தனி வரிசைகளாக இருந்ததால், விளையாட்டுகளின் எண்ணிக்கை தானாகவே பெருத்திருந்தது. இப்போது சரிபார்ப்பு எண் ஒன்றாக இருந்தால் ஒரே வரிசை; எண் வேறாக இருந்தால் பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு வரிசை.

பழைய அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. புதியதில் பாதிக்கு மேல் வெறுமையாக உள்ளன. ஸ்க்ராம்பிள் வரிசையில் மட்டும், சில்லுப்பித்தனின் புண்ணியத்தில், கடைசி இரண்டு கட்டங்களும் நிரம்பிவிட்டன. ஜி-பேசிக் நிரல்களுக்கு மொழிவிரும்பி கேட்டபடி தனித் தாள் ஒன்றைத் திறந்திருக்கிறேன். அதில் இன்னும் ஒரு வரி கூட இல்லை.

ப்யூட்டாவோ டியூட்டரோ, கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சில்லின் மேற்புறத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். ஓரத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.